போன வருஷக் கொள்ளி

நவம்பர் ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு டில்ஹர்ஸ்ட் ஊரில் யாராவது நிம்மதியாக உட்கார்ந்து முட்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்றால், அவர் ஆம்ப்ரோஸ் ஸ்டென்னிங்காகத்தான் இருக்க முடியும். மற்றவர்கள் எல்லோரும் அன்று இரவு நடக்கும் நெருப்புத் திருவிழாவுக்காகத் தீவட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சுற்றாதவர்கள் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தார்கள். முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்து, போர்க்காலத்தில் லண்டனில் எரிந்த தெருக்களை அணைத்து ஓய்வு பெற்றவர் ஸ்டென்னிங். வேடிக்கைக்காக நெருப்பு மூட்டுகிறவர்கள் மேல் அவருக்குப் பெரிய மதிப்பு கிடையாது. ஆனால் அதை அவர் வெளியே சொன்னதும் கிடையாது. இந்த ஊரில் அதைச் சொன்னவர்கள் கதி அவருக்குத் தெரியும்.

ரொட்டி கொடுக்க வந்த வின்னி, ரொட்டியைக் கொடுக்காமல் கையில் பிடித்தபடியே பேசிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, சொந்த ரொட்டிக்கடை, சொந்த வண்டி, ஊர் விஷயம் அத்தனையும் விரல் நுனியில். ஸ்டென்னிங் எதையாவது துருவ ஆரம்பித்தால் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவாள்.

“கேட்டீங்களா மிஸ்டர் ஸ்டென்னிங்? மேட்டுத்தெரு நெருப்புச் சங்கத்தோட விறகுப்போர் நேத்து சாயங்காலமே எரிஞ்சு போச்சு! ஒரு நாள் முன்னாடி! மூணு வாரமா அடுக்கினது. சங்கத் தலைவர் கோரிஞ்ச் மூஞ்சியப் பாக்கணுமே, வேகவெச்ச பீட்ரூட் தோத்துடும்.”

“யார் வெச்சாங்களாம்?”

“யார் பேரச் சொல்லுவாங்க? டோர்கஸ் ஃபனல்தான்.”

அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெயருக்கு உரியவள் வாசலில் நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அந்தக் குளிரில் தன் கோட்டு இல்லாமல், இறந்துபோன கணவனின் பால்காரர் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தாள்.

“நான் வைக்கலை,” என்றாள், வணக்கம்கூடச் சொல்லாமல்.

“உள்ளே வாங்க. உக்காருங்க.”

“உக்கார நேரம் இல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சார்ஜன்ட் பிளேக்கர் சொல்லிட்டுப் போயிருக்கார். ‘உன் நல்லதுக்குத்தான், ஊர்வலம் உன் வாசலுக்கு வர்றதுக்குள்ள உள்ள வெச்சுடறேன்’னு வேற சொல்றார். நான் ஜெயிலுக்குப் போறதப் பத்தி ஒண்ணும் இல்ல. நான் போயிட்டா வால்ட்டர் எப்படிச் செத்தார்னு கேக்க இந்த ஊர்ல நாதியே இருக்காது.”

வால்ட்டர் ஃபனலின் கதை ஊருக்கே தெரியும். ஆனால் ஊர் சொல்லும் கதை வேறு, டோர்கஸ் சொல்லும் கதை வேறு. போன வருஷம் இதே நாள், மாலைப் பால் கொடுத்துவிட்டு வால்ட்டர் குதிரை வண்டியில் பாலத்தைக் கடந்தார். எதிரே மேட்டுத்தெரு ஊர்வலம். குதிரை மிரண்டு வண்டி கவிழ்ந்தது. வால்ட்டர் அடியில் அகப்பட்டு இறந்தார். குதிரை தானாக மிரண்டது என்று ஊர் சொன்னது. பாலத்தில் யாரும் எந்த வெடியும் போடவில்லை என்று பதினொரு பேர் விசாரணையில் சத்தியம் செய்தார்கள். குதிரையின் காலடியில் ஒரு சீறுவாணம் வெடித்தது என்று டோர்கஸ் மட்டும் சொன்னாள். வீட்டில் திருட்டுத்தனமாக இடித்துக் கட்டுகிற, தரையில் சீறிக்கொண்டு ஓடி வெடிக்கிற வாணம் அது. அவள் அப்போது, பாலம் தெரியும் வீட்டு மாடி ஜன்னலில் நின்றிருந்தாள். துக்கத்தில் உளறுகிறாள் என்று முதலில் சொன்னார்கள். அவள் விடாமல் சொன்னதும் பொய்க்காரி என்றார்கள்.

“போன மாசம் மாவட்டப் போலீசுக்கு எழுதினீங்க இல்லையா?” என்று ஸ்டென்னிங் கேட்டார்.

“எழுதினேன். போலீஸ் சங்கத்துக்காரங்க வீடு வீடாப் போய் வாணம் இடிக்கிற அச்சு இருக்கான்னு தேடினாங்க. ஒண்ணும் கிடைக்கல. அன்னிலேர்ந்து என் வாசல்ல தினம் அழுகின முட்டை. அப்புறம் நகர சபைக்கு எழுதினேன். விறகுப்போருக்குள்ள முள்ளெலி போய்ப் படுத்துக்கும், வருஷா வருஷம் உயிரோட எரியுது, கொளுத்தற அன்னிக்குக் காலையில மொத்தத்தையும் பிரிச்சுத் திரும்ப அடுக்கணும்னு.”

“நேத்து அங்கே எதுக்குப் போனீங்க?”

“சபைலேர்ந்து பதிலே வரல. அதான் நானே மூணரை மணிக்குப் போய் ஆத்துப் பக்கமா சுத்திக் குச்சிய விட்டுத் தட்டிப் பாத்தேன். கோரிஞ்ச் பாத்து நாயை விரட்டற மாதிரி விரட்டினான். நாலேகாலுக்கு எரிஞ்சிருக்கு. மனுஷனுக்குத்தான் யாரும் குரல் குடுக்கல. முள்ளெலிக்காவது ஒருத்தி போய்க் கதவத் தட்டலாம்னு போனேன்.”

ஸ்டென்னிங் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார். வின்னி ஒரு வழியாக ரொட்டியை மேஜையில் வைத்தாள்.

*

மேட்டுத்தெரு மைதானத்தில் இருபது பேர் பழைய பெட்டிகளையும் வேலிக் கழிவுகளையும் கொண்டுவந்து போட்டு, அவசர அவசரமாக ஒரு குட்டிப் போர் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் கறுப்பாக ஈரமாகப் பரந்து கிடந்தது எரிந்துபோன பெரிய போர். தலைவர் கோரிஞ்ச் இறைச்சிக்கடைக்காரர். ஆளும் குரலும் ஒரே அளவு.

“யாரு வரச் சொன்னது உன்னை? ஓ, அவ அனுப்பினாளா? தீயணைக்கறவனே, நேத்தே வந்திருக்கணும்யா நீ.”

“நேத்து யாரும் கூப்பிடலையே,” என்றார் ஸ்டென்னிங். “சாம்பலச் சுத்திப் பாக்கலாமா?”

“பாரு, அள்ளி டீல போட்டுக் குடி. நாளைக்கு எப்படியும் ஆத்துல கொட்டப்போற சாம்பல்தானே. வழக்கம் அது.”

“வாயக் கொஞ்சம் பாத்துப் பேசு, கோரிஞ்ச்,” என்றாள் வின்னி. “உன் கடைப் பன்னிக்கறிப் பலகாரத்துக்கு மாவு பிசையறது நான்தான்.”

ஸ்டென்னிங் மெதுவாகச் சுற்றி வந்தார். முழங்கால் வலி, குனிய நேரம் எடுத்துக்கொண்டார். ஆற்றுப் பக்கம் ஆட்கள் வாளி வாளியாக நீர் இறைத்து ஊற்றியிருந்ததால் வெளிக் கட்டைகள் பாதி மிஞ்சியிருந்தன. எல்லாம் உட்பக்கமாகச் சரிந்து கிடந்தன. உள் நுனி கரி; வெளி நுனியில் பட்டைகூடக் கருகவில்லை. நட்ட நடுவில் மட்டும் சாம்பல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

“போருக்குள்ள நெருப்பு எப்படிக் குடுப்பீங்க?” என்று கேட்டார்.

“அடியில ஒரு சுரங்கம் விடுவோம். வைக்கோலும் மரச்சீவலும் அடைச்சு நடுவரைக்கும் போகும். நெருப்பு வாய்னு பேரு. வாய மூடி, மேல கட்டை சாத்திடுவோம். நம்ம போட்டிக்காரனுங்க, ஆத்தங்கரைச் சங்கத்துக்காரனுங்க, முந்திக் கொளுத்திடுவானுங்க இல்ல? அதனால எந்தப் பக்கம் வாய்னு கட்டற நாலு பேருக்குத்தான் தெரியும். நான், என் மச்சான், தச்சன் ஈட், செயலாளர் வெரால்.”

“இந்த வருஷம் எந்தப் பக்கம்?”

கோரிஞ்ச் முறைத்தார். பிறகு, போனதுதானே என்று நினைத்திருக்க வேண்டும், மோவாயால் எதிர்ப்பக்கத்து வேலியைக் காட்டினார். ஆற்றுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

“காவல் யாரு இருந்தது?”

“நான் காலைலேர்ந்து இருந்தேன். பன்னண்டுலேர்ந்து ரெண்டு வரைக்கும் கூட வெரால். நடுவுல ஒரு மணிக்கு அரைமணி வீட்டுக்குப் போய் சாப்பிட்டு வந்தேன், அவர் பாத்துக்கிட்டார். ரெண்டுக்கு மேல மச்சான். ஈட் ஊர்லயே இல்ல, மக வீட்டுக்குப் போயிட்டு இன்னிக்குக் காலைலதான் வந்தான். நாலு மணிக்கு சபைக் கடுதாசி ஒண்ணு படிக்கணும்னு வெரால் சங்கக் கூடத்துக்குக் கூப்பிட்டார், எல்லாரும் போனோம். மச்சான் மட்டும் இங்க. கணப்புச் சட்டிய வேலி ஓரமா வெச்சுட்டு ஆத்தைப் பாத்து உக்காந்திருந்திருக்கான், தண்டம். கால்மணியில கத்திக்கிட்டு ஓடி வந்தான்.”

“மச்சான் சந்தேகப்பட ஆளில்லையா?”

“அவனா? அவன் பைப்பையே மூணு தடவ பத்த வெச்சாத்தான் பத்தும்.”

ஸ்டென்னிங் சாம்பலின் நடுவில் குனிந்து தடியால் கிளறினார். வளைந்த ஆணிகள், கட்டில் ஸ்பிரிங்குகள், ஒரு கதவுக் கீல். அவற்றுக்கும் அடியில், மண்ணில் புதைந்தாற்போல், கட்டைவிரல் நுழையும் அளவில் மூன்று இரும்பு வளையங்கள். பக்கத்தில் விரல் பருமனுக்கு ஒரு சின்னப் பித்தளைக் கோல், ஒரு முனை உருண்டை. எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

“கட்டில் சாமான்,” என்றார் கோரிஞ்ச் அலட்சியமாக. “வேணும்னா முழுக் கட்டிலும் தர்றேன்.”

*

சங்கக் கூடத்தில் அவர்களை வரவேற்றவர் செயலாளர் லெனார்ட் வெரால். மருந்துக்கடைக்காரர், மெல்லிய குரல். அந்த ஊரில் அன்று டோர்கஸை ‘அவ’ என்று சொல்லாத ஒரே மனிதர் அவர்தான்.

“பாவம் அந்தம்மா,” என்றார், தேநீர் ஊற்றிக்கொண்டே. “துக்கம் மனுஷங்கள என்ன வேணா செய்யவைக்கும். கேஸெல்லாம் வேண்டாம்னு நான் சார்ஜன்ட் கிட்ட சொல்லிப் பாத்தேன். ஊரை விட்டு அமைதியாப் போயிட்டா போதும். வண்டிச் சத்தம்கூட நான் தர்றேன்.”

“நல்ல மனசு,” என்றார் ஸ்டென்னிங். “அந்தச் சபைக் கடிதத்தப் பாக்கலாமா?”

வெரால் தயங்காமல் கொடுத்தார். ஐந்தாம் தேதி காலையில் போரைப் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும், அதிகாரி வந்து பார்ப்பார் என்று அதில் இருந்தது. வின்னி ஆர்வமாக உறையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அஞ்சல் முத்திரை நவம்பர் இரண்டு.

“நம்ம டவுன்லேர்ந்து வர்றதுக்கு ஒரு நாள்கூட ஆகாதே?” என்றாள்.

“கடையில கூட்டம். பிரிக்க மறந்துட்டேன்,” என்றார் வெரால்.

கூடத்தின் மூலையில் துணி போர்த்தி இரவு எரிக்கப்போகும் கொடும்பாவி உட்கார்ந்திருந்தது. அது யாருடையது என்பது கடைசி நிமிஷம் வரை ரகசியம். ஆனால் துணிக்குக் கீழே ஒரு பழுப்பு நிறக் கோட்டின் கை தொங்கியது. கையில் இரண்டு பழுப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். வின்னி ஸ்டென்னிங்கின் முழங்கையை இடித்தாள்.

“டோர்கஸ் கோட்டு!” என்று கிசுகிசுத்தாள். “அந்தப் பச்சைப் பொத்தான் நான் குடுத்தது. கொடியில காயப்போட்டது காணாமப் போச்சுன்னு சொன்னா. உருப்படுவானுங்களா இவனுங்க?”

ஸ்டென்னிங்கின் முகம் மாறவில்லை. ஆனால் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

அதற்குள் கோரிஞ்சும் பின்னாலேயே வந்து சேர்ந்தார், இவர்கள் எதையாவது திருடிவிடுவார்கள் என்பதுபோல. ஸ்டென்னிங் சுவரில் பதித்திருந்த இரும்புப் பெட்டியைப் பார்த்து, “இதுதானா?” என்று கேட்டதும் அவருக்குப் பெருமை பொங்கிவிட்டது.

“இதேதான். எண்பத்தேழு வருஷம்! ஒவ்வொரு வருஷமும் நெருப்புலேர்ந்து ஒரு கொள்ளிய எடுத்து வெப்போம். அடுத்த வருஷ நெருப்பு அந்தக் கொள்ளியாலதான் மூட்டுவோம். யுத்த காலத்துல இருட்டடிப்பு, வெளிய தீக்குச்சி கிழிச்சாலே தண்டம். அப்பவும் வெராலோட அப்பா தன் வீட்டு அடுப்புக்குள்ள கொள்ளியால நெருப்பு மூட்டிப் புதுக் கொள்ளி எடுத்தார். அறுந்ததே இல்ல. கொள்ளி இல்லாம மூட்டினா அந்த வருஷம் சங்கத்துல ஒரு உயிர் போகும்.”

“எங்க தாத்தாதான் முதல் காப்பாளர்,” என்றார் வெரால். கடிகாரச் சங்கிலியில் தொங்கிய சாவியால் பெட்டியைத் திறந்தார். அவருக்கும் அந்தப் பெருமை இருந்தது; மறைக்க முடியவில்லை.

முழ நீளத்தில், பாதி கருகிய ஒரு கட்டை. கருகாத முனையில் 1953 என்று பொறித்த பித்தளைத் தகடு, ஓர் ஆணியால் அறையப்பட்டிருந்தது.

“போன வருஷம் இதப் பீர்ப் பீப்பாயில முக்கி அணைச்சதே நான்தான்,” என்றார் கோரிஞ்ச். “ஈரம் சொட்டச் சொட்ட இவர் தகட்டை அறைஞ்சார். அப்படியே பெட்டிக்குள்ள. அப்புறம் ஒரு வருஷத்துக்கு ஒருத்தரும் தொடக்கூடாது, காப்பாளரும்தான்.”

“தகடு என்ன அழகு! ஆணிகூட என்னமா மின்னுது,” என்றாள் வின்னி மனதாரவே.

வெரால் சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார்.

வெளியே வந்ததும் ஸ்டென்னிங் கைக்குட்டை முடிச்சைத் தடவிப் பார்த்தார். பிறகு, “வின்னி, டோர்கஸ் வீட்டுக்கு வண்டிய விடுங்க,” என்றார். “ஒரு வருஷமா யாரும் வாங்கிப் பாக்காத ஒரு பொருள் அவங்க கிட்ட இருக்கணும்னு தோணுது.”

இருந்தது. கோகோ டப்பாவுக்குள், பஞ்சில் பொதிந்து, ஒரு பக்கம் கிழிந்த பழுப்புக் காகிதக் குழாய். விபத்துக்கு மறுநாள் விடிந்ததும் பாலத்தில் அவளே பொறுக்கியது. சார்ஜன்டிடம் கொண்டுபோனபோது, ‘ஊர்வலம் போன தெருவெல்லாம் குப்பை கிடக்கும்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

*

மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூடம் நிரம்பியிருந்தது. ஊர்வல வேஷத்தில், கோடு போட்ட பனியன்களும் முகத்தில் பூசிய கரியுமாக அறுபது பேர். ஸ்டென்னிங், வின்னி, அவர்களுக்கு நடுவில் டோர்கஸ். அவளைப் பார்த்ததும் “வெளிய போ” என்று ஆரம்பித்த சத்தம் நிற்க ஐந்து நிமிஷம் ஆனது. அவள் அசையவில்லை.

“அணைக்கறது உங்க வேலை மிஸ்டர் ஸ்டென்னிங், புடிக்கறது எங்க வேலை,” என்றார் சார்ஜன்ட் பிளேக்கர். “சீக்கிரம் முடிங்க. ஆறு மணிக்கு எனக்கு வேலை இருக்கு.”

“உங்க வேலையத்தான் செஞ்சு தர வந்திருக்கேன்,” என்றார் ஸ்டென்னிங். “மிசஸ் ஃபனலை நேத்து மூணரைக்கு எந்தப் பக்கம் பாத்தீங்க, மிஸ்டர் கோரிஞ்ச்?”

“ஆத்துப் பக்கம். ஆயிரம் தடவ சொல்லியாச்சு.”

“ஆத்துப் பக்கக் கட்டைகள் உள்முனையில கருகியிருக்கு, வெளிமுனையில பட்டை அப்படியே இருக்கு. வெளியேருந்து நெருப்பு வெச்சா நேர்மாறா இருக்கும். இது நடுவுல பிடிச்சு வெளிய வந்த நெருப்பு. நடுவுக்குப் போற ஒரே வழி உங்க நெருப்பு வாய். அது வேலிப் பக்கம். அது அவங்களுக்குத் தெரியாது. நாலு பேருக்குத்தான் தெரியும்.”

கூட்டம் இரைந்தது. “எங்க போர நாங்களே கொளுத்துவோமா? பைத்தியமாய்யா உனக்கு?” என்று ஒருவன் கத்தினான்.

“அதத்தான் நானும் யோசிச்சேன். தன் போரத் தானே ஒரு நாள் முன்னாடி ஒருத்தர் ஏன் கொளுத்தணும்? நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன மாறுச்சு? ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்குக் காலைல போரப் பிரிக்கணும்னு சபை உத்தரவு போட்டுது. பிரிச்சா அடியில இருக்கறது வெளிய வரும். போன மாசம் போலீஸ் வீடு வீடாத் தேடினப்பதான் நீங்க அந்தப் போர அடுக்க ஆரம்பிச்சீங்க. வாண அச்ச ஆத்துல போட்டா சேறு திருப்பிக் கொடுக்கும். போருக்கடியில போட்டா ஐஞ்சாம் தேதி ஊரே கைதட்டி எரிச்சுக் குடுக்கும், ஆறாம் தேதி சாம்பலோட ஆத்துல போகும். நல்ல யோசனைதான்.”

கைக்குட்டையை மேஜையில் அவிழ்த்தார். “இது மர அச்சைச் சுத்திப் போடற வளையம். மரம் எரிஞ்சு போச்சு. இது, வாணத்துக்குள்ள மருந்த இடிக்கற கோல். இது பாலத்துல கிடைச்ச குழாய்.” கோலைக் குழாய்க்குள் விட்டார். இடைவெளி இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

கத்திக்கொண்டிருந்தவர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள்.

“நாலு பேர்ல யாரு?” என்று சார்ஜன்ட் கேட்டார். முதல் முறையாக நோட்டுப் புத்தகத்தை எடுத்திருந்தார்.

“ஈட் ஊர்ல இல்ல. மச்சான் உக்காந்தது ரெண்டு மணிக்கு மேல. ஆனா நெருப்பு வெச்ச கை நாலேகாலுக்கு அங்க இருக்கணும்னு அவசியமில்ல. வெடியுப்புல ஊறின நூல்திரி மணிக்கு ஒரு அடிதான் எரியும். ஒரு மணிக்கு மூணு அடித் திரிய வாய்க்குள்ள விட்டுட்டு, நாலு மணிக்கு எல்லார் முன்னாடியும் நின்னு கடிதம் படிக்கலாம். திரி வாசனையக் கணப்புச் சட்டி மறைச்சிடும். ஆனா இதெல்லாம் கோரிஞ்சும் செஞ்சிருக்கலாம்.”

“என்னையாச் சொல்ற?” கோரிஞ்ச் மேஜையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

“உங்களக் கேக்கத்தான் வந்தேன். பெட்டியத் திறக்கச் சொல்லுங்க.”

வெரால் கடிகாரச் சங்கிலியைத் தொட்டார், திறக்கவில்லை. “கொளுத்தற நேரத்துக்கு முன்னாடி வெளிய எடுக்கக் கூடாது,” என்றார்.

“திறங்க வெரால்,” என்றார் கோரிஞ்ச்.

திறந்ததும் ஸ்டென்னிங் கொள்ளியைத் தொடவில்லை. “நீங்க எடுங்க மிஸ்டர் கோரிஞ்ச். போன வருஷம் பீர்ல முக்கி ஈரத்தோட ஆணியடிச்சுப் பூட்டின கொள்ளி இது. ஒரு வருஷமா ஒருத்தரும் தொடல. அந்த ஆணி எப்படி இருக்கணும்?”

இறைச்சிக்கடைக்காரருக்கு ஈரத்தையும் இரும்பையும் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆணியையே பார்த்தார். மின்னியது.

“இது துருப்பிடிக்காத ரகம்,” என்றார் வெரால் வேகமாக.

“ஆணி குடுத்தது நான். என் கடையில பன்னி தொங்கவிடற பழைய இரும்பாணி,” என்றார் கோரிஞ்ச். குரல் சட்டென்று சின்னதாகிவிட்டது. இடுப்புக் கத்தியால் தகட்டை நெம்பினார். ஆணி சுலபமாக வந்தது. துளைக்குள் மரம் வெள்ளையாக, நேற்று அறுத்ததுபோல் இருந்தது. அவர் அதை விளக்கில் காட்டி, மூக்கருகே வைத்து, மறுபடி பார்த்தார். “இது நான் முக்கின கட்டை இல்ல. லெனார்ட், நம்ம கொள்ளி எங்க?”

வெரால் பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டார். ஸ்டென்னிங்தான் சொன்னார்.

“எரிஞ்சு போச்சு. நேத்தே. வேற யாரா இருந்தாலும் ஒரு தீக்குச்சியோட முடிச்சிருப்பாங்க. இவருக்குத் துணிச்சல் வரல. ஒரு சாவை மறைக்கத் துணிஞ்சவருக்கு, பழைய கொள்ளி இல்லாம சங்கத்துப் போர மூட்டத் துணிச்சல் இல்ல. திரி முதல்ல கொள்ளியப் பத்தவெக்கிற மாதிரி கட்டி உள்ள விட்டார். தகட்ட மட்டும் கழட்டி வேற கட்டையில அடிச்சார். பழைய ஆணி துருவேறி உடைஞ்சிருக்கும், புது ஆணி போட்டார். பெட்டிச் சாவி ஒண்ணுதான். ஒரு மணிக்கு நீங்க சாப்பிடப் போன அரைமணி நேரம் போர்கிட்டத் தனியா இருந்ததும் ஒருத்தர்தான். மூணாம் தேதியே வந்த கடிதத்த நாலாம் தேதி நாலு மணி வரைக்கும் பிரிக்காம வெச்சிருந்ததும் அவரேதான்.”

“அது மருந்துக்கடைக் குழவி, அந்தக் கோலு!” என்று வின்னி வெடித்தாள். “அடப்பாவி, அதுலதானே எங்கம்மாவுக்கு மாத்திரை இடிச்சுக் குடுத்தே!”

வெரால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“தாத்தா கைல இருந்தது, அப்பா கைல இருந்தது,” என்றார். “என் கைல அறுந்துடக் கூடாதுன்னு நெனச்சேன். எங்களுக்கு இந்த வருஷ நெருப்பு நேத்தே முறையா நடந்துட்டுது. இன்னிக்கு நீங்க கொளுத்தப் போறது வெறும் வேடிக்கை.” பிறகு டோர்கஸைப் பார்க்காமல், “குதிரை அப்படி மிரளும்னு எனக்குத் தெரியாது. விளையாட்டுக்குத்தான் போட்டேன்,” என்றார்.

அறுபது பேரும் ஒரே சமயத்தில் நகர்ந்தார்கள். சார்ஜன்ட் குறுக்கே வராமல் இருந்திருந்தால் வெரால் அந்தக் கூடத்தைக் கால்களால் கடந்திருக்க மாட்டார். நேற்று வரை டோர்கஸின் வாசலில் முட்டை எறிந்த கைகள் இப்போது வெராலின் சட்டைக் காலரைத் தேடின. சார்ஜன்டோடு வந்திருந்த இரண்டு கான்ஸ்டபிள்கள் அவரைப் பின்கதவு வழியாகக் கொண்டுபோனார்கள். கோரிஞ்ச் மூலைக்குப் போய்க் கொடும்பாவியின் மேலிருந்த துணியை உருவி எறிந்தார். வைக்கோல் முகம், பெண்பிள்ளைத் தொப்பி, பழுப்புக் கோட்டு. தொப்பியைப் பிடுங்கிப் போட்டார். மேஜையில் வெரால் விட்டுப்போன கண்ணாடியை எடுத்து அதன் முகத்தில் மாட்டினார்.

“இன்னிக்கு இவன எரிப்போம்!” என்று கத்தினார். கூடம் ஓவென்று ஆர்ப்பரித்தது. ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் அவர்கள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்கவே கூசியது.

டோர்கஸ் நடந்து போய்க் கண்ணாடியைக் கழற்றினாள். ஆர்ப்பரிப்பு தேய்ந்து நின்றது.

“வெரால் ஒருத்தன்தான் போட்டான்,” என்றாள். “பாலத்துல நீங்க பதினொரு பேர் இருந்தீங்க. அத்தனை பேருக்கும் காது இருந்தது. கோரிஞ்ச், நீ வண்டிக்கு மூணு கெஜத்துல நின்னே. விசாரணையில பைபிள் மேல கை வெச்சு என்ன சொன்னே?”

கோரிஞ்ச் முகத்துக் கரியைக் கையால் துடைத்தார்.

“யார் போட்டான்னு எனக்குத் தெரியாது,” என்றார். “முகமெல்லாம் கரி. சத்தியமாத் தெரியாது.”

“யாருன்னு நான் கேக்கல. ஒரு வருஷமா நான் யாருன்னே கேக்கல. வெடிச்சுதா இல்லையான்னுதான் கேட்டேன். வெடிச்சுதா?”

வெளியே ஆற்றங்கரைச் சங்கத்தின் முதல் வாணம் மேலே போய் வெடித்தது. பாதிப் பேர் திடுக்கிட்டுத் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள்.

“வெடிச்சுது,” என்றார் கோரிஞ்ச்.

“சத்தமா.”

“வெடிச்சுது. குதிரை காலுக்கடியில. நான் பாத்தேன்.”

“நானும்,” என்றான் கதவருகே ஒருவன். பிறகு இன்னொருவன். அவள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தாள். பதினொன்றாவது ஆள் சொல்லும்வரை பார்வையை எடுக்கவில்லை. சார்ஜன்ட் நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். பதினொரு பொய்ச் சத்தியம் என்பதால் நிறைய எழுத வேண்டியிருந்தது.

கோரிஞ்ச் தலையைச் சொறிந்துகொண்டு, “மன்னிப்புனு…” என்று ஆரம்பித்தார்.

“அது உங்கிட்டயே இருக்கட்டும்,” என்றாள் டோர்கஸ்.

கொடும்பாவியின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். கைகளை உருவினாள். வைக்கோல் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்தது. ஒருவரும் தூக்கி நிறுத்தவில்லை. கோட்டை இரண்டு முறை உதறினாள். வால்ட்டரின் கோட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, தன் கோட்டைப் போட்டுக்கொண்டாள்.

“வண்டி இருக்கு டோர்கஸ், கொண்டு விடறேன்,” என்றாள் வின்னி.

“வேண்டாம். பாலத்து வழியா நடந்தே போறேன்.”

அவள் வாசலைத் தாண்டும்போது தீவட்டிக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர்கள் கையிலிருந்த தீவட்டிகளில் ஒன்றுகூட இன்னும் பற்றவைக்கப்படவில்லை. மேட்டுத்தெரு மைதானத்துக் குட்டிப் போர் அன்று எரியவில்லை. மறுநாள் காலையில் பிரித்தபோது அதற்குள் இரண்டு முள்ளெலிகள் இருந்தன.